மோட்டார்ஹோமின் பின்னால் காரை இழுத்துச் செல்லும் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வுபெற்ற பிறகு அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ பிள்ளைகளோடு சில மாதங்கள் தங்கும் சிங்கப்பூர்ப் பெற்றோரும், நியூசிலாந்தில் குடியேறிவிட்ட உறவினர்களும் மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கிய பிறகு வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இந்தப் பக்கம் விடை தருகிறது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள அந்தப் பெரிய வாகனத்தை முகாமில் நிறுத்தி, தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் இணைத்துவிட்டால், பால் வாங்கவோ பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போய்வரவோ அதை மறுபடியும் கிளப்புவது பெரும்பாடு. அதனால்தான் சிறிய கார் ஒன்றைப் பின்னால் பூட்டிக்கொண்டு போகிறார்கள். இதற்கான கருவிகளைக் கடைக்காரரின் பேச்சை மட்டும் நம்பி வாங்கினால் பணமும் போகும், சில சமயம் காரின் கியர்பெட்டியும் போகும். எனவே எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் வாங்குவது என்ற வரிசையிலேயே கேள்விகளை அமைத்திருக்கிறேன்.

சிங்கப்பூரிலேயே இப்படிக் காரை இழுத்துச் செல்லலாமா?

இங்கே அதற்குத் தேவையும் இல்லை, இடமும் இல்லை. விரைவுச்சாலையில் பழுதடைந்து நிற்கும் வாகனத்தை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்புச் சேவை அருகிலுள்ள கார் நிறுத்துமிடத்துக்கு இலவசமாக அப்புறப்படுத்தித் தருகிறது. மற்றபடி இழுவை வண்டி வைத்திருக்கும் நிறுவனங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. கீழே சொல்லப்படுபவை அனைத்தும் வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் போன்ற இடங்களில் ஓட்டுபவர்களுக்கு உரியவை.

வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோமின் பின்னால் கார் பூட்டலாமா?

வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இதற்குத் தடை இருக்கும். எழுத்தில் அனுமதி இல்லாமல் பூட்டிச் சென்றால் காப்புறுதி செல்லாமல் போகலாம். இரண்டு வார விடுமுறைக்குப் போகிறவர்கள் இந்த எண்ணத்தையே விட்டுவிட்டு, போய்ச் சேரும் ஊரில் ஒரு காரை வாடகைக்கு எடுப்பது நல்லது. சொந்த மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் மட்டும் தொடர்ந்து படிக்கலாம்.

காரை இழுத்துச் செல்ல எத்தனை வழிகள் உள்ளன?

மூன்று வழிகள் உண்டு. காரின் நான்கு சக்கரங்களும் சாலையில் உருள, டோ பார் எனப்படும் இழுவைச் சட்டத்தால் மட்டும் அதை இணைப்பது முதல் வழி. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் ‘ஏ-ஃபிரேம்’ என்று சொல்வதும் இந்த வகையைச் சேர்ந்ததே. முன் சக்கரங்களை மட்டும் இரு சக்கரச் சிறு வண்டியில் ஏற்றிக் கட்டி, பின் சக்கரங்களைச் சாலையில் உருளவிடுவது இரண்டாம் வழி. அந்தச் சிறு வண்டிக்கு டோ டாலி என்று பெயர். காரை முழுதாக டிரெய்லரில் ஏற்றிவிடுவது மூன்றாம் வழி.

அமெரிக்காவில் மாதக்கணக்கில் பயணம் செய்பவர்கள் பெரும்பாலும் முதல் வழியையே விரும்புகிறார்கள். முகாமுக்குள் நுழைந்ததும் சில நிமிடங்களில் காரைக் கழற்றிவிடலாம் என்பதும், கழற்றிய பிறகு டாலியையோ டிரெய்லரையோ எங்கே நிறுத்துவது என்ற தொல்லை இல்லை என்பதும் அதற்குக் காரணங்கள். ஆனால் எல்லாக் காரும் இதற்கு இடம் கொடுப்பதில்லை.

என்னிடம் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது. அதை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாமா?

இந்தக் கேள்விக்குச் சரியான விடை காரோடு வந்த கையேட்டில் மட்டுமே இருக்கிறது. அமெரிக்கச் சந்தைக்கான கையேடுகள் பலவற்றில் பொழுதுபோக்குக்காக இழுப்பது பற்றித் தனிப்பகுதி இருக்கும். பழுதடைந்த காரைச் சில கிலோமீட்டர் இழுப்பது பற்றிய பகுதி வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தப் பகுதி ‘கூடாது’ என்று சொன்னால், யார் என்ன சொன்னாலும் கூடாது.

காரணம் கியர்பெட்டிக்குள் இருக்கிறது. பெரும்பாலான ஆட்டோ கியர் கார்களில் கியர்பெட்டிக்கு எண்ணெய் செலுத்தும் பம்பை எஞ்சின்தான் சுழற்றுகிறது. எஞ்சின் அணைந்திருக்க, சாலையில் உருளும் சக்கரங்கள் கியர்பெட்டியின் உள்ளுறுப்புகளைச் சுழற்றிக்கொண்டே இருந்தால், எண்ணெய் ஏறாமல் அவை உராய்ந்து சூடேறி அழிந்துவிடும். ‘நியூட்ரலில் போட்டுவிட்டால் போதும்’ என்று பலர் நினைக்கிறார்கள். நியூட்ரல் எஞ்சினைப் பிரித்துவைக்குமே தவிர, சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் உறுப்புகளை நிறுத்தாது.

மேனுவல் கியர் கார்கள் பலவற்றில் உருளும் பற்சக்கரங்களே எண்ணெயை வாரியிறைத்துக்கொள்வதால் அவற்றை இழுக்க முடிகிறது. அவற்றிலும் விதிவிலக்குகள் இருப்பதால் கையேட்டைப் பார்த்தே தீரவேண்டும். ஜீப் ரேங்லர் இத்தனை பேரால் இழுக்கப்படுவதற்குக் காரணம், கியர்பெட்டியின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி நியூட்ரல் இருப்பதுதான். அதைப் போட்டுவிட்டால் நான்கு சக்கரங்களும் கியர்பெட்டியிலிருந்து அறவே விடுபடுகின்றன. போட்ட பிறகு, எஞ்சினைக் கிளப்பி முன் கியரிலும் பின் கியரிலும் மாற்றிப் பார்த்து, கார் அசையவில்லை என்று உறுதிசெய்துகொள்வது கட்டாயம். நெம்புகோல் நியூட்ரலைக் காட்டியும் உள்ளே கியர் முழுமையாக விடுபடாமல் இருந்தால், குறுகிய தூரத்திலேயே பெரும் சேதம் ஏற்பட்டுவிடும்.

ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு விதி மாறுவதும் உண்டு. அமெரிக்காவில் விற்பனையான ஹோண்டா சிஆர்-வி 2014 மாடல் வரை இழுப்பதற்கு ஏற்றது. 2015இல் சிவிடி எனப்படும், படிகளின்றி விகிதம் மாறும் ஆட்டோ கியர்பெட்டி வந்த பிறகு அந்த அனுமதி போய்விட்டது. 2014 மாடலுக்கே நடைமுறை ஒன்று உண்டு: எஞ்சினைக் கிளப்பி, கியரை எல்லா நிலைகளுக்கும் கொண்டுபோய், டிரைவில் சில விநாடி நிறுத்தி, பிறகு நியூட்ரலுக்கு மாற்றி, 3 நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைக்கவேண்டும். சாவி துணைக்கருவி (ACC) நிலையில் இருக்கவேண்டும். மணிக்கு 65 மைலைத் தாண்டக் கூடாது. ஒரே நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் இந்த நடைமுறையை மறுபடி செய்யவேண்டும். பழைய கார் வாங்குபவர்கள் விற்பவரின் வாய்மொழியை நம்பாமல், அந்த ஆண்டுக்கான கையேட்டைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டுப் பணம் கொடுக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மின்சாரக் காரையும் ஹைபிரிட் காரையும் இழுக்கலாமா?

மின்சாரக் கார்களில் சக்கரத்தோடு மோட்டாரும் சுழன்று மின்சாரம் உற்பத்தி செய்யும். அந்த மின்சாரம் கட்டுப்பாடின்றிப் பாய்ந்தால் மோட்டாரும் மின்சுற்றும் கெடும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் உண்டு. டெஸ்லா கார்களை நான்கு சக்கரமும் தரையில் படாதவாறு ஏற்றித்தான் கொண்டுசெல்லவேண்டும் என்று அதன் கையேடு சொல்கிறது. டொயோட்டாவின் ஹைபிரிட் கார்களையும் உருட்டி இழுக்கக் கூடாது. சிங்கப்பூரில் மின்சாரக் காருக்குப் பழகிய பலர் வெளிநாட்டிலும் அதையே வாங்க விரும்புவது இயல்பே. அப்படியானால் பெரும்பாலும் டிரெய்லர் தவிர வேறு வழியில்லை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவெடுக்கவேண்டும்.

என் மோட்டார்ஹோம் எவ்வளவு எடையை இழுக்கும்?

இதற்கு ஹிட்சின் (மோட்டார்ஹோமின் பின்னால் உள்ள இழுவைக் கொளுவி) மேல் ஒட்டியிருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைபவர்களே அதிகம். பார்க்கவேண்டிய எண்கள் மூன்று. மோட்டார்ஹோம் தன்மேல் ஏற்றியவற்றோடு சேர்த்து எவ்வளவு எடை இருக்கலாம் என்பது முதல் எண், இதை ஜி.வி.டபிள்யூ.ஆர். என்பார்கள். மோட்டார்ஹோமும் அது இழுப்பவையும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்பது இரண்டாவது, இது ஜி.சி.டபிள்யூ.ஆர். ஹிட்ச் தாங்கும் இழுவை எடை மூன்றாவது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முதல் எண் 22,000 பவுண்டு, அதாவது 9,979 கிலோ. இரண்டாவது எண் 26,000 பவுண்டு, 11,793 கிலோ. ஹிட்சின் எண் 5,000 பவுண்டு, 2,268 கிலோ. விற்பவர் 5,000 பவுண்டு இழுக்கலாம் என்பார். ஆனால் தண்ணீர்த் தொட்டி, எரிபொருள், அரிசி மூட்டை, ஆட்கள் எல்லாம் சேர்ந்து மோட்டார்ஹோம் தன் உச்ச எடையை எட்டிவிட்டால், காருக்கு மிஞ்சுவது 4,000 பவுண்டுதான், 1,814 கிலோ. 1,500 கிலோ அளவிலான சிஆர்-வியை அதில் இழுக்கலாம். 1,900 கிலோவைத் தொடும் நான்கு கதவு ரேங்லரை இழுக்கக் கூடாது. மோட்டார்ஹோமின் சுமையை 1,000 பவுண்டு குறைத்தால் காருக்கு 5,000 பவுண்டு கிடைக்கும்; அதற்கு மேல் எவ்வளவு சுமையைக் குறைத்தாலும் ஹிட்ச் விடாது.

காகிதக் கணக்கோடு நிறுத்திவிடாமல், பயணத்துக்குக் கட்டிய எல்லாப் பொருள்களோடும் ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடவேண்டும். அமெரிக்காவில் நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் எடைமேடைகள் உள்ளன. சிறு கட்டணத்தில், ஒவ்வோர் அச்சின் எடையும் அச்சிட்ட சீட்டில் கிடைக்கும்.

டோ பாரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மோட்டார்ஹோமின் ஹிட்சில் தங்கும் வகை, காரின் மூக்கில் தங்கும் வகை என்று இரண்டு உண்டு. முதல் வகையில், காரைக் கழற்றியதும் கைகளை மடித்து மோட்டார்ஹோமின் பின்புறத்திலேயே நிறுத்திவிடலாம். இரண்டாம் வகையில் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கனம் காரின் முன்னால் தொங்கிக்கொண்டே வரும், அல்லது ஒவ்வொரு முறையும் கழற்றிவைக்க நேரும். விலை சற்றுக் கூடினாலும் முதல் வகையையே நான் பரிந்துரைப்பேன். ரோட்மாஸ்டர், புளூ ஆக்ஸ், டெம்கோ ஆகிய மூன்றும் அமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் பெயர்கள்.

நீண்டு சுருங்கும் கைகள் உள்ள டோ பாரில், காரை மிகச் சரியான இடத்தில் நிறுத்தவேண்டிய அவசியம் இல்லை. ஏறக்குறைய நேராக நிறுத்தி, கைகளை நீட்டி மாட்டிவிட்டு, மோட்டார்ஹோமை மெதுவாக முன்னே நகர்த்தினால் கைகள் ஒவ்வொன்றாக முழு நீளத்துக்கு வந்து ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். இரண்டு கைகளும் பூட்டிக்கொண்டனவா என்பதை இறங்கிவந்து கண்ணால் பார்த்தாகவேண்டும். சரிவிலோ திருப்பத்திலோ நிறுத்திக் கழற்றும்போது தாழ்ப்பாளில் இழுவிசை ஏறி அது இறுகிக்கொள்ளும். அந்த நிலையிலும் விடுபடும்படி நெம்புகோல் அமைந்த மாடல்கள் உண்டு. வயதானவர்கள் கழற்றவேண்டியிருக்கும் குடும்பத்தில் இந்த அமைப்புக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்செலவே அல்ல.

டோ பார் தாங்கும் எடை காரின் எடையைவிடத் தாராளமாகக் கூடுதலாக இருக்கவேண்டும். காரின் எடை என்றால் வெற்று எடை அல்ல. பின் இருக்கையில் அடுக்கிய நாற்காலிகளும் பெட்டிகளும் சேர்ந்த எடை.

பேஸ் பிளேட் என்றால் என்ன? அது அவசியமா?

டோ பாரின் கைகளை மாட்டுவதற்காகக் காரின் முன்புறச் சட்டகத்தில் பொருத்தப்படும் எஃகுத் தாங்கியே பேஸ் பிளேட். இது இல்லாமல் நான்கு சக்கர இழுவை இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும், சில சமயம் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாகச் செய்யப்படுவதால், காரை மாற்றினால் டோ பாரை வைத்துக்கொள்ளலாம், பேஸ் பிளேட்டைப் புதிதாகத்தான் வாங்கவேண்டும். பொருத்துவதற்கு முன்புற பம்பர் மூடியைக் கழற்றவேண்டியிருக்கும். புதிய கார்களில் அங்கே ரேடார் உணரியும் தானே திறந்து மூடும் காற்றுத் தடுப்பும் இருப்பதால், அனுபவமுள்ள பட்டறையில் கொடுத்துச் செய்வதே சரி. உங்கள் கார் மாடலுக்குப் பேஸ் பிளேட் விற்கப்படுகிறது என்பதை மட்டும் வைத்து அந்தக் காரை உருட்டி இழுக்கலாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அனுமதி கையேட்டிலிருந்து வரவேண்டும்.

ஹிட்ச் உயரமாகவும் கார் தாழ்வாகவும் இருந்தால் என்ன செய்வது?

டோ பார் தரைக்கு ஏறக்குறைய இணையாக இருக்கவேண்டும். இரண்டு முனைகளுக்கும் இடையே 3 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. சரிவு அதிகமாக இருந்தால், திடீரென்று பிரேக் போடும்போது பின்னால் வரும் கார் முட்டி, மோட்டார்ஹோமின் பின்பக்கத்தைத் தூக்கவோ காரின் மூக்கை அழுத்தவோ முயலும். உயரத்தைச் சரிசெய்ய, ஹிட்சின் செருகுகுழாயான ரிசீவரில் இறக்கும் துண்டு ஒன்றைச் செருகுவார்கள். அதற்கும் தனி எடை வரம்பு உண்டு. ரிசீவர், இறக்கும் துண்டு, டோ பார், பேஸ் பிளேட், பாதுகாப்பு வடங்கள் ஆகிய ஐந்தில் எதன் எண் மிகக் குறைவோ அதுவே உங்கள் வரம்பு. ஒரு நீட்டிப்புக்குள் இன்னொன்றைச் செருகி நீளமாக்குவதைத் தவிர்க்கவும்.

பாதுகாப்பு வடங்களை எப்படி மாட்டுவது?

இரண்டு வடங்களையும் டோ பாருக்கு அடியில் குறுக்காக மாற்றி மாட்டவேண்டும். டோ பார் கழன்றால் அதன் முனை தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குப் பின்னல் ஏந்திக்கொள்ளும். திருப்பத்தில் இறுகாத அளவு தளர்வும் வேண்டும், தரையில் உராயாத அளவு சுருக்கமும் வேண்டும். ஒவ்வொரு வடத்தின் எடை வரம்பும் காரின் எடைக்குக் குறையக் கூடாது.

மோட்டார்ஹோமின் பிரேக்கே பெரிதாக இருக்கிறது. காருக்குத் தனியாகப் பிரேக் கருவி எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். மோட்டார்ஹோமின் பிரேக் அதன் சொந்த எடையை நிறுத்துவதற்காக வடிவமைக்கப்பட்டது. பின்னால் ஒன்றரை டன் கூடும்போது நிற்கும் தூரம் நீள்கிறது. இறக்கத்தில் பிரேக் சூடேறி வலுவிழக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு வேகம் கூடினால், பிரேக் உறிஞ்சவேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. நம் ஊரில் நீண்ட மலை இறக்கம் கிடையாது, அதனால் பிரேக் சூடேறித் தோற்பதை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. கொலராடோ மலைச்சாலைகளில் அதை எதிர்பார்த்தே ஓட்டவேண்டும்.

சட்டமும் இதைக் கேட்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இழுக்கப்படும் வாகனம் 3,000 பவுண்டைத் தாண்டினால் தனிப் பிரேக் வேண்டும். சில மாநிலங்களில் வரம்பு அதைவிடக் குறைவு. மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் மிகக் கடுமையான விதியைக் கணக்கில் கொண்டு வாங்கிவிடுவதே நிம்மதி. சட்டம் ஒருபுறமிருக்க, மோட்டார்ஹோமின் அடிச்சட்டகத்தைச் செய்த நிறுவனமும் தனி வரம்பு வைத்திருக்கும்.

கருவிகளில் முதல் வகை, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தரையில் வைத்து, பிரேக் மிதியில் கவ்விவிடும் பெட்டி. வேகம் குறைவதை உணர்ந்து அதுவே மிதியை அழுத்தும். காரை மாற்றினாலும் இதை எடுத்துப்போகலாம். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் வைத்து எடுக்கவேண்டும். வைக்கும்போது பலர் தவறவிடும் படி ஒன்று உண்டு. எஞ்சின் அணைந்த காரில் மிதியை இரண்டு மூன்று முறை அழுத்தினால், மிதியை இலகுவாக்கும் வெற்றிட உதவி தீர்ந்து மிதி கல்லாகிவிடும். சாலையில் அந்தக் கெட்டியான மிதியைத்தான் கருவி அழுத்தப்போகிறது. ஆகவே மிதியைப் பலமுறை அழுத்தி வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டே கருவியின் அழுத்தத்தை அளவிட்டு அமைக்கவேண்டும். மாறாக, எஞ்சின் அணைந்தும் பிரேக் உதவி வேலைசெய்யும் கார்களும் இப்போது உள்ளன. அவற்றில் சாதாரண அழுத்தம் சக்கரத்தையே பூட்டிவிடும் என்பதால், அதற்கென்று தனி அமைப்பு உள்ள கருவியைக் கேட்டு வாங்கவேண்டும்.

இரண்டாம் வகை காருக்குள் நிரந்தரமாகப் பொருத்தப்படுவது. ஒரு கம்பியை இணைத்தால் போதும், இருக்கைக்கு முன்னால் எதையும் வைத்து எடுக்கவேண்டியதில்லை. காற்றுப் பிரேக் உள்ள பெரிய டீசல் மோட்டார்ஹோம்களில், அந்தக் காற்றழுத்தத்தையே கிளைபிரித்துக் கார் பிரேக்கை இயக்கும் அமைப்பு கிடைக்கிறது. ஓட்டுநர் எவ்வளவு அழுத்துகிறாரோ அதே விகிதத்தில் காரும் பிரேக் போடுவதால், என் கணிப்பில் இதுவே மிகச் சீரானது. அதே காரை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கப் போகிறவர்கள் நிரந்தர அமைப்புக்கும், காரை அடிக்கடி மாற்றுபவர்கள் பெட்டிக்கும் போகலாம்.

எந்த வகையானாலும் முன்னால் ஓட்டுநர் கண்ணில் படும்படி ஓர் எச்சரிக்கை விளக்கு அவசியம். காரின் பிரேக் விடுபடாமல் இழுபட்டுக்கொண்டே வந்தால், பத்து மீட்டர் நீள வாகனத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. தெரியும்போது சக்கரத்திலிருந்து புகை வந்திருக்கும்.

பிரேக்அவே சுவிட்ச் எதற்கு?

இணைப்பு முழுவதும் அறுந்து கார் தனியாகப் பிரிந்துவிட்டால், மெல்லிய வடம் ஒன்று சுவிட்சிலிருந்து முள்ளை (பின்) உருவிவிடும்; உடனே காரின் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். அந்த வடத்தின் மறுமுனையை மோட்டார்ஹோமின் நிலையான சட்டகத்தில் மாட்டவேண்டும். டோ பாரிலோ, இறக்கும் துண்டிலோ, பாதுகாப்பு வடத்தின் கொக்கியிலோ மாட்டினால், அவை கழன்றுபோகும்போது இதுவும் சேர்ந்து போய்விடும். பயணம் தொடங்கும் முன் முள்ளைக் கையால் உருவி, பிரேக் பிடிக்கிறதா என்று சோதிக்கலாம்.

காரின் பின்விளக்குகளை எரியவைப்பது எப்படி?

மோட்டார்ஹோமின் திருப்ப விளக்கும் பிரேக் விளக்கும் காரின் பின்னாலும் எரியவேண்டும். காரின் சொந்தக் கம்பிகளிலேயே இணைக்கும்போது டையோடுகள் போடுவது, மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து காரின் மின்சுற்றைக் கெடுக்காமல் இருக்கத்தான். புதிய கார்களில், பின்விளக்குக் கூட்டுக்குள் தனிப் பல்பு வைத்து, காரின் சுற்றைத் தொடாமல் விடுவது பாதுகாப்பானது. காந்தத்தில் ஒட்டும் விளக்குகள் அவசரத்துக்கு உதவும், மாதக்கணக்கான பயணத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

போய்ச் சேர்ந்ததும் காரின் பேட்டரி செத்துக் கிடக்கிறதே?

ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவியைத் துணைக்கருவி நிலையில் வைத்திருப்பதாலும், பிரேக் கருவி மின்சாரம் எடுப்பதாலும் பேட்டரி இறங்குகிறது. மோட்டார்ஹோமிலிருந்து காரின் பேட்டரிக்கு மின்னேற்றும் கம்பி ஒன்றை இழுத்துவிட்டால் தீர்ந்தது. சில மாடல்களில் குறிப்பிட்ட ஃபியூஸைக் கழற்றச் சொல்லிக் கையேடே குறிப்பிடும்.

பூட்டிய நிலையில் பின்னோக்கி ஓட்டலாமா?

டோ பாரிலும் டாலியிலும் கூடாது. காரின் முன்சக்கரங்கள் தாறுமாறாகத் திரும்பி டோ பாரை முறுக்கிவிடும். முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டால் இறங்கிக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. எரிபொருள் நிலையத்துக்குள் நுழையும் முன்பே வெளியேறும் வழியைப் பார்த்துக்கொள்ளவும்.

அப்படியானால் டாலியும் டிரெய்லரும் யாருக்கு ஏற்றவை?

முன்சக்கர இயக்கமுள்ள, உருட்டி இழுக்க அனுமதியில்லாத காருக்கு டாலி பொருந்தும். காரில் எதையும் வெட்டவோ பொருத்தவோ வேண்டியதில்லை. ஆனால் மழையில் குனிந்து பட்டைகளை இறுக்கவேண்டும். சில கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி மறுபடி இறுக்கவேண்டும். பிரேக் உள்ள டாலியாகப் பார்த்து வாங்கவும். நான்கு சக்கர இயக்கமுள்ள காரை டாலியில் ஏற்றக் கூடாது.

டிரெய்லரில் எந்தக் காரையும் ஏற்றலாம் என்றாலும் எடைதான் தடை. அமெரிக்காவில் யூஹால் நிறுவனம் வாடகைக்கு விடும் கார் டிரெய்லரின் வெற்று எடையே 2,210 பவுண்டு, ஏறக்குறைய ஒரு டன். அதன்மேல் 1,500 கிலோ காரை ஏற்றினால் இரண்டரை டன். மேலே சொன்ன 2,268 கிலோ ஹிட்ச் அதற்கே போதாது. அதோடு, டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு ஹிட்சின்மேல் செங்குத்தாக அழுத்தவேண்டும். அது மோட்டார்ஹோமின் பின் அச்சைப் பாதிக்கும். உருட்டி இழுக்கும் காரில் அந்த அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை.

ஒரே ஒரு நீண்ட பயணம் மட்டும்தான் என்றால், கருவிகளை வாங்காமல் டாலியையோ டிரெய்லரையோ வாடகைக்கு எடுப்பது கணக்குக்குச் சரியாக வரும்.

பழைய கருவிகளை வாங்கலாமா?

டோ பாரைப் பழையதாக வாங்கலாம். கைகளை முழுதாக நீட்டிப் பூட்டி ஆட்டிப்பாருங்கள். பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடினால், அல்லது பற்றவைத்த இடத்தில் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் வேண்டாம். எடை வரம்பு எழுதிய தகடு இல்லாத எதையும் தொடவேண்டாம். வடங்களையும் பூட்டு முட்களையும் புதிதாகவே வாங்கிக்கொள்ளவும்.

ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் எப்படி வேறுபடுகிறது?

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் வேறொரு வாகனத்தை இழுத்துச்செல்லும் எதுவும் மணிக்கு 55 மைலைத் தாண்டக் கூடாது. மோட்டார்ஹோமும் காரும் சேர்ந்த நீளம் 65 அடிக்குள் இருக்கவேண்டும். பிரிட்டனில் ஏ-ஃபிரேமில் இழுக்கும் கார் டிரெய்லராகவே கருதப்படுகிறது. 750 கிலோவுக்கு மேல் என்றால் அதன் பிரேக் வேலைசெய்தாகவேண்டும். ஆஸ்திரேலியாவில் காருக்குப் பிரேக் இணைப்பு இல்லாவிட்டால், இழுக்கும் வாகனத்தின் சுமையற்ற எடை காரின் எடையைப்போல் 3.5 மடங்காவது இருக்கவேண்டும் என்ற விதி பின்பற்றப்படுகிறது. 1,100 கிலோ காருக்கு அது 3,850 கிலோ. பொருள் வாங்கும் முன் அந்தந்த மாநிலப் போக்குவரத்துத் துறையின் விதியைப் படித்துவிடவும்.

சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் போதுமா?

வகுப்பு 3 உரிமத்தோடு போகிறவர்கள் எடை வரம்பில்தான் தடுமாறுகிறார்கள். நியூசிலாந்தின் சாதாரணக் கார் உரிமமான வகுப்பு 1இல், மோட்டார்ஹோமும் இழுக்கும் வாகனமும் சேர்ந்து 6,000 கிலோவைத் தாண்டக் கூடாது. 4,500 கிலோ மோட்டார்ஹோமோடு 1,500 கிலோ கார் சேர்ந்தால் வரம்பின் விளிம்பில் நிற்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் கார் உரிமத்துக்கு வாகனத்தின் உச்ச எடை 4.5 டன். அனைத்துலக ஓட்டுநர் அனுமதியைச் சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கம் வழங்குகிறது. ஆனால் அது உங்கள் உரிமத்தில் இல்லாத வகுப்பைச் சேர்த்துத் தராது.

புறப்படும் முன் என்னென்ன பார்க்கவேண்டும்?

ஒரே ஆள், ஒரே வரிசையில், பேச்சுக் கொடுக்காமல் பார்க்கவேண்டும். உதவிக்கு வரும் முகாம் நண்பர் பாதி வேலையைச் செய்துவிட்டு நகர்ந்தால், மீதி அப்படியே நின்றுபோகும். முதலில் டோ பார் முட்களும் அவற்றின் பூட்டுகளும், பிறகு வடங்கள், மின்கம்பி, பிரேக்அவே வடம். அடுத்துக் காருக்குள் ஏறி, கியர் கையேடு சொன்ன நிலையில் உள்ளதா, கைப்பிரேக் விடுபட்டுள்ளதா, ஸ்டியரிங் தாராளமாகத் திரும்புகிறதா என்று பார்க்கவும். கைப்பிரேக்கை விட மறந்து புறப்படுவதால் டயரும் பிரேக்கும் பாழாவது இப்படிக் கார் இழுப்பவர்களிடையே மிகச் சாதாரணம். பிறகு ஒருவர் முன்னால் விளக்குகளைப் போட, மற்றவர் பின்னால் நின்று சரிபார்க்கலாம்.

இருபது மீட்டர் மெதுவாக நகர்த்தி, கார் சக்கரங்கள் நான்கும் சுழல்வதைக் கேமராவிலோ நேரிலோ உறுதிசெய்யுங்கள். காரின் டயர்களிலும் காற்றழுத்த உணரிகளைப் பொருத்தி, அவற்றின் திரையை மோட்டார்ஹோமில் வைப்பது மிகவும் நல்லது. பின்னால் ஒரு டயர் வெடித்தாலும் முன்னால் எதுவும் தெரியாது. முதல் 30, 40 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அந்தப் பிரேக்கையோ பேரிங்கையோ சரிபார்க்காமல் மேலே போகவேண்டாம்.